கிணற்றுத் தண்ணீரில் குளோரைட்டு அளப்பது: முதலாம் ஆண்டு இரசாயனவியல் மாணவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கிழக்கிலங்கையில், வந்தாறுமூலையிலோ சம்மாந்துறையிலோ முதலாம் ஆண்டு படிக்கும் ஒருவர், தன் வீட்டு வளவுக் கிணற்றுத் தண்ணீரை ஒரு போத்தலில் கொண்டுவருகிறார். அதில் லீற்றருக்கு எத்தனை மில்லிகிராம் குளோரைட்டு இருக்கிறது என்று அவர் நம்பகமாகச் சொல்ல வேண்டும். இந்த வழிகாட்டி அந்த வேலைக்கானது. முறை, வெள்ளிநைத்திரேற்றுக் கொண்டு செய்யும் வீழ்படிவு நியமிப்பு: செறிவு தெரிந்த கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு, குளோரைட்டு முழுவதும் திண்மமாகப் படிய எவ்வளவு செலவாகிறது என்று அளப்பது.

உயர்தரத்தில் அமில–கார நியமிப்புச் செய்தவர்களுக்கு அளவியும் (பியூரெட்டு) குழாயியும் (பிப்பெட்டு) புதியவை அல்ல. இருந்தும் இந்தச் செய்முறையில் பலர் தடுமாறுவதைப் பார்க்கிறேன். குளோரைட்டு எங்கும் இருப்பதுதான் காரணம்: குழாய்த் தண்ணீரில், விரல் வியர்வையில், பக்கத்து மேசையின் ஐதரோகுளோரிக்கமிலத்தில். அளவியின் திருகைத் திறக்கும் முன்னரே விடை கெட்டுவிடுகிறது. ஆகவே நியமிப்பைவிட அதற்கு முந்திய ஆயத்தத்துக்கே இங்கே கூடுதல் இடம் கொடுத்திருக்கிறேன்.

1. குடுவைக்குள் என்ன நடக்கிறது

தண்ணீரில் பொற்றாசியங்குரோமேற்றுக் காட்டியைச் சேர்த்தால் கரைசல் மஞ்சளாகும். வெள்ளிநைத்திரேற்றைச் சொட்டுச் சொட்டாக விடும்போது முதலில் வெள்ளை நிற வெள்ளிக்குளோரைட்டு வீழ்படிவாகிறது. குளோரைட்டு ஏறத்தாழ முழுவதும் முடிந்த பிறகுதான் வெள்ளி அயன்களின் செறிவு உயர்ந்து, குரோமேற்றுடன் சேர்ந்து செங்கட்டி நிற வெள்ளிக்குரோமேற்று தோன்றுகிறது. அந்த நிறம் எட்டிப் பார்க்கும் இடம்தான் முடிவுப்புள்ளி.

இதில் ஒரு விடயத்தை மறக்கக் கூடாது. முடிவுப்புள்ளி கண்ணுக்குத் தெரிவதற்கே சிறிதளவு வெள்ளி மேலதிகமாகத் தேவை. அதை அளந்து கழிக்காவிட்டால் விடை எப்போதும் சற்றுக் கூடுதலாகவே வரும். 6ஆம் படி அதற்காகத்தான்.

2. முந்திய நாளே செய்து வைக்க வேண்டியவை

சோடியங்குளோரைட்டை 140 பாகை செல்சியசில் கனலடுப்பில் உலர்த்தி, உலர்த்திக்குள் (ஈரமுறிஞ்சி வைத்த மூடிய பாத்திரம்) வைத்து ஆறவிடுங்கள். எங்கள் பக்கத்துக் காற்றில் ஈரம் அதிகம். திறந்து வைத்த உப்பு நீரை உறிஞ்சும். அந்த நீரையும் உப்பென்று நிறுத்தால் உங்கள் நியமக் கரைசல் நீங்கள் எழுதியதைவிட ஐதாகவே இருக்கும். சூடு ஆறும் முன் தராசில் வைக்கவும் வேண்டாம்: சூடான போத்தலைச் சுற்றி எழும் காற்றோட்டம் நிறையைக் குறைத்துக் காட்டும்.

கடையில் வாங்கும் சமையல் உப்பு இதற்கு உதவாது. அதில் அயடீன் சேர்மமும் கட்டியாகாமல் தடுக்கும் பொருளும் கலந்திருக்கும். பகுப்பாய்வுத் தரம் என்று சுட்டி ஒட்டிய போத்தலையே கேட்டு வாங்குங்கள்.

இவற்றோடு தேவையானவை: 50 மி.லீ. அளவி, 25 மி.லீ. குழாயி, குழாயி நிரப்பி, 250 மி.லீ., 500 மி.லீ. கனமானக் குடுவைகள் (கழுத்தில் கனவளவுக் குறி உள்ளவை), குறைந்தது ஐந்து கூம்புக் குடுவைகள், வெள்ளை ஓடு, கபில நிறப் போத்தல், 100 மி.லீ. நீரில் 5 கிராம் கரைத்த பொற்றாசியங்குரோமேற்று, பீ.எச். தாள், கழிவுக்கென்று மூடியுள்ள ஒரு போத்தல். கழிவுப் போத்தலைக் கடைசியில் தேடுவோம் என்று விடாதீர்கள். அது இல்லாவிட்டால் எல்லாம் தொட்டிக்குள்தான் போகும்.

கண்ணாடியும் கையுறையும் கட்டாயம். குரோமேற்று புற்றுநோய் உண்டாக்கக்கூடியது. வெள்ளிநைத்திரேற்று தோலில் பட்டால் அந்த நேரம் ஒன்றும் தெரியாது. பிறகு வெளிச்சம் பட்டுக் கறுத்து, கறை நாள்கணக்கில் நிற்கும்.

3. மாதிரி எடுத்தல்

கல்லடி, நாவற்குடா, ஆரையம்பதி, அம்பாறைக் கரையோரத்தில் காரைதீவு போன்ற மணற்பாங்கான இடங்களில் மழை நீர் மணலுக்குள் இறங்கி, அடியிலுள்ள உவர் நீரின் மேல் மிதக்கிறது. அடர்த்தி குறைந்த நன்னீர் மேலே, உவர் கீழே. மோட்டரை நெடுநேரம் ஓடவிட்டால் மேல் நீர் வற்றி, கீழுள்ள உவர் மேலெழும். ஆகவே ஒரே கிணறு காலையில் ஒரு விடையையும், மோட்டர் ஓடிய பின் இன்னொரு விடையையும் தரக்கூடும்.

எனவே எப்போது, எந்த ஆழத்தில் எடுத்தீர்கள் என்பது விடையின் ஒரு பகுதி. காலையில் மோட்டர் போடும் முன், வாளியால் எடுப்பது நல்ல வழக்கம். மோட்டர் தண்ணீர்தான் கிடைக்கும் என்றால் எத்தனை நிமிடம் ஓடிய பின் எடுத்தீர்கள் என்று குறியுங்கள். திகதி, கிணற்றின் நீர்மட்டம், வாவியிலிருந்தோ கடலிலிருந்தோ ஏறத்தாழ எவ்வளவு தூரம், கடைசியாக மழை பெய்தது எப்போது என்பவற்றையும் போத்தலிலும் குறிப்பேட்டிலும் எழுதுங்கள். வறண்ட கச்சான் காலத்தில் எடுத்ததையும் மழை பெய்யும் மாரியில் எடுத்ததையும் திகதி இல்லாமல் ஒப்பிட்டால் பொருளே இல்லை.

பிளாத்திக்குப் போத்தல் போதும். அதே கிணற்று நீரால் மூன்று தடவை கழுவிய பின் நிரப்புங்கள். குளோரைட்டு ஆவியாகாது, அழுகாது என்பதால் பதப்படுத்தும் பொருள் ஒன்றும் சேர்க்கத் தேவையில்லை. மூடியை மட்டும் இறுக்குங்கள்; நீர் ஆவியானால் செறிவு ஏறிவிடும்.

4. காய்ச்சி வடித்த நீரையும் கண்ணாடிப் பொருட்களையும் சோதித்தல்

பெரும்பாலானோர் தாண்டிப் போகும் படி இதுதான். வேறெதைச் சுருக்கினாலும் இதைச் சுருக்க வேண்டாம்.

ஒரு சோதனைக் குழாயில் ஆய்வுகூடத்துக் காய்ச்சி வடித்த நீரை எடுத்து, இரண்டு சொட்டு வெள்ளிநைத்திரேற்று விடுங்கள். கறுப்புப் பின்னணியில் பிடித்துப் பாருங்கள். பால்போல் மங்கல் தெரிந்தால் அந்த நீரில் குளோரைட்டு இருக்கிறது. அதைக் கொண்டு எந்தக் கரைசலும் செய்ய வேண்டாம். பெரிய கொள்கலனில் பல நாள் திறந்திருந்த நீர் இப்படிக் காட்டுவது அரிதல்ல.

கண்ணாடிப் பொருட்களைக் குழாய்த் தண்ணீரால் கழுவிய பின் காய்ச்சி வடித்த நீரால் மூன்று தடவை அலசுங்கள். கடைசி அலசல் நீரைச் சோதனைக் குழாயில் பிடித்து அதே சோதனையைச் செய்யுங்கள். தெளிவாக இருந்தால்தான் அடுத்த படி. அளவிக்குள் வெள்ளிநைத்திரேற்றை ஊற்றியதும் வெண்மேகம் எழுவதைக் கண்டு, இரசாயனம் பழுதாகிவிட்டது என்று முறையிடும் மாணவர்கள் உண்டு. பழுது அளவியில் மிஞ்சியிருந்த குழாய்த் தண்ணீரில். அந்த மேகத்தோடு தொடர்ந்தால், தெரிந்திராத அளவு வெள்ளி ஏற்கெனவே செலவாகிவிட்டது என்று பொருள்.

எதை எதனால் அலச வேண்டும் என்பதிலும் குழப்பம் வரும். அளவியை வெள்ளிநைத்திரேற்றால், குழாயியை அது எடுக்கப்போகும் கரைசலால், கூம்புக் குடுவையைக் காய்ச்சி வடித்த நீரால் மட்டும். முதல் இரண்டிலும் மிஞ்சும் நீர், உள்ளே வரும் கரைசலை ஐதாக்கும். கூம்புக் குடுவையில் நீர் மிஞ்சினால் பாதகமில்லை, ஏனென்றால் அங்கே கணக்கில் வருவது மூல்களின் அளவு. மாறாக, கூம்புக் குடுவையை மாதிரியாலேயே அலசினால் சுவரில் ஒட்டிய மாதிரியும் சேர்ந்து விடை கூடும்.

குடுவையின் வாய்க்குள் விரல் விடாமல் கழுத்தில் பிடியுங்கள். ஆய்வுகூடம் சூடாக இருக்கும் நாளில் வியர்வை குளோரைட்டின் மூலம்.

5. இரண்டு கரைசல்கள்

முதலில் சோடியங்குளோரைட்டு. 0.1461 கிராமை 250 மி.லீ. ஆக்கினால் செறிவு லீற்றருக்கு 0.0100 மூல். அதே எண்ணைத் தராசில் கொண்டுவர ஒவ்வொரு மணியாகப் போட்டு எடுத்துக்கொண்டிருக்க வேண்டாம். அவ்வளவு நேரமும் உப்பு ஈரத்தை உறிஞ்சுகிறது. 0.14க்கும் 0.15க்கும் இடையில் ஏதாவது ஒரு நிறையை எடுத்து, நான்கு தசம தானத்துக்கு எழுதி, உண்மையான செறிவைக் கணியுங்கள். மூலர்த்திணிவு 58.44.

உப்பு முழுவதும் கரைந்த பிறகே குறிவரை நிரப்புங்கள். கடைசிச் சில சொட்டுகளைத் துளிகுழாயால் விடுங்கள். மூடி, பல தடவை தலைகீழாகப் புரட்டுங்கள். கழுத்தில் நிற்கும் நீர் கலக்காமல் இருந்தால் முதல் குழாயியும் கடைசிக் குழாயியும் வேறு வேறு செறிவு காட்டும்.

அடுத்து வெள்ளிநைத்திரேற்று. ஏறத்தாழ 0.85 கிராமை 500 மி.லீ. ஆக்கிக் கபில நிறப் போத்தலில் ஊற்றி, அலமாரிக்குள் வையுங்கள். யன்னலோரம் வேண்டாம், வெளிச்சம் அதைப் பிரித்துவிடும். இதன் செறிவை நிறையிலிருந்து கணித்து நம்பக் கூடாது. விலை கூடிய பொருள் என்பதால் ஒரே போத்தல் நெடுங்காலம் இருக்கும், ஈரமும் வெளிச்சமும் பட்டிருக்கும். உண்மையான செறிவை 7ஆம் படி சொல்லும்.

6. வெறுமை நியமிப்பு

மாதிரி இல்லாமல், நிறம் தெரிவதற்கு மட்டும் எவ்வளவு வெள்ளிநைத்திரேற்று செலவாகிறது என்று பார்ப்பதுதான் இது. மாதிரிக்கு முன் இதைச் செய்யுங்கள். 50 மி.லீ. காய்ச்சி வடித்த நீர், 0.5 மி.லீ. காட்டி, குளோரைட்டு அற்ற கல்சியங்காபனேற்று ஒரு சிட்டிகை. இந்த வெண்தூள், உண்மையான நியமிப்பில் வரும் வெள்ளை மங்கலைப் போன்ற பின்னணியைத் தருகிறது. தெளிந்த நீரில் தெரியும் நிறமும் வெள்ளை மங்கலில் தெரியும் நிறமும் ஒன்றல்ல.

வெள்ளிநைத்திரேற்றைச் சொட்டாக விட்டு, மஞ்சள் சற்றே செம்மை கலந்து மாறும் இடத்தில் நிறுத்துங்கள். பொதுவாக 0.2, 0.3 மி.லீ. அளவில் வரும். 1 மி.லீ. தாண்டினால் நீரிலோ குடுவையிலோ குளோரைட்டு இருக்கிறது. 4ஆம் படிக்குத் திரும்புங்கள்.

இந்தக் குடுவையைக் கொட்டிவிடாமல் வெள்ளை ஓட்டில் பக்கத்திலேயே வைத்திருங்கள். இனி ஒவ்வொரு முடிவுப்புள்ளியையும் இதே நிறத்தில் நிறுத்த வேண்டும்.

7. வெள்ளிநைத்திரேற்றின் செறிவைக் காணல்

25.00 மி.லீ. சோடியங்குளோரைட்டுக் கரைசல், 25 மி.லீ. காய்ச்சி வடித்த நீர், 0.5 மி.லீ. காட்டி. காட்டியைக் கண்மதிப்பில் ஊற்றாதீர்கள். அது கூடினால் செம்மை முந்தித் தோன்றும், மஞ்சளும் தடித்து மாற்றத்தை மறைக்கும். குறைந்தால் பிந்தித் தோன்றும். எல்லாக் குடுவைக்கும் ஒரே அளவு என்றால்தான் வெறுமைப் பெறுமானத்தைக் கழிப்பதில் நியாயம் இருக்கிறது.

கிணற்று நீரைத் தொடும் முன் இதைச் செய்யச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. சுத்தமான கரைசலில் முடிவுப்புள்ளி கூர்மையாக வரும். கண் அதில் பழக வேண்டும். நேரே கிணற்று நீரில் தொடங்குபவர் எந்த நிறத்தில் நிறுத்துவது என்று தெரியாமல் மூன்று நியமிப்புகளில் மூன்று விடை எடுக்கிறார்.

0.10 மி.லீ. வித்தியாசத்துக்குள் மூன்று வாசிப்புகள் ஒத்துவரும் வரை செய்யுங்கள்.

8. மாதிரியை ஆயத்தப்படுத்தல்

முதலில் பீ.எச். பாருங்கள். 7க்கும் 10க்கும் இடையில் இருக்க வேண்டும். அமிலமானால் குரோமேற்று வேறு வடிவத்துக்கு மாறி, வெள்ளிக்குரோமேற்று உருவாகப் பிந்தும். காரம் மிகுந்தால் வெள்ளி ஒட்சைட்டாக வீழ்படிவாகும். அமிலமாக இருந்தால் சிறிது சோடியம் பைகாபனேற்றுச் சேருங்கள். காரமாக இருந்தால் ஐதான நைத்திரிக்கமிலம். பழக்கத்தில் கை ஐதரோகுளோரிக்கமிலத்துக்குப் போகும். அதைச் சேர்த்த நொடியே நீங்கள் அளக்க வந்த குளோரைட்டை நீங்களே ஊற்றிவிட்டீர்கள். மேசையில் அந்தப் போத்தலே இருக்காமல் பார்த்துக்கொள்வது நல்லது.

கண்டல் ஓரக் கிணறுகளில் சில வேளை கூழ்முட்டை மணம் அடிக்கும். அது சல்பைட்டு; வெள்ளியைக் கறுப்பாக வீழ்படிவாக்கும். மாதிரியில் சிறிது ஐதரசன்பேரொட்சைட்டு விட்டு ஒரு நிமிடம் கலக்கினால் நீங்கும். நீர் செங்கபில நிறமாக இருந்தால் அதில் இரும்பு கூடுதலாக இருக்கிறது, அது முடிவுப்புள்ளியை மறைக்கும். கலங்கலாக இருந்தால் வடிகட்டுங்கள்.

பிறகு ஒரு பரும்படி நியமிப்பு. 5 மி.லீ. மாதிரியை மட்டும் எடுத்து, காய்ச்சி வடித்த நீரால் 50 மி.லீ. வரை ஐதாக்கி, வேகமாக நியமியுங்கள். இங்கே 1 மி.லீ. வெள்ளிநைத்திரேற்று லீற்றருக்கு ஏறத்தாழ 71 மி.கி. குளோரைட்டைக் குறிக்கும். 10 மி.லீ. கிட்டப் போனால், 25 மி.லீ. மாதிரிக்கு ஒரு முழு அளவியும் போதாது. அப்போது 25 மி.லீ. மாதிரியை 250 மி.லீ. ஆக்கி, அதிலிருந்து எடுங்கள். விடையைப் பத்தால் பெருக்க வேண்டும் என்று அந்தக் குடுவையிலேயே எழுதிவிடுங்கள். மறக்கும் இடம் இது. வாவி நீரை அளக்க விரும்பினால் ஐதாக்காமல் தொடங்கவே வேண்டாம். கடல்நீரில் லீற்றருக்கு ஏறத்தாழ 19,000 மி.கி. குளோரைட்டு உண்டு, கச்சான் காலத்து வாவி முகத்துவாரத்துப் பக்கம் அதை நெருங்கக்கூடும்.

9. நியமிப்பு

25.00 மி.லீ. மாதிரி, 25 மி.லீ. காய்ச்சி வடித்த நீர், 0.5 மி.லீ. காட்டி. குழாயியின் நுனியைக் குடுவைச் சுவரில் தொட்டு வடியவிடுங்கள். நுனியில் நிற்கும் கடைசித் துளியை ஊதித் தள்ள வேண்டாம். அந்தத் துளி உள்ளே நிற்கும் என்று கருதியே குழாயி அளவிடப்பட்டிருக்கிறது.

அளவியில் புனலை எடுத்துவிட்டு, நுனியில் காற்றுக் குமிழி இல்லை என்று உறுதிசெய்த பின் ஆரம்ப வாசிப்பு. பிறையுருவின் (கரைசல் மட்டத்தின் வளைவு) அடிமட்டத்தைக் கண்மட்டத்தில் வைத்து, 0.05 மி.லீ. வரை வாசியுங்கள்.

பரும்படி நியமிப்பிலிருந்து எங்கே முடியும் என்று தெரியும். அதற்கு 2 மி.லீ. முன்வரை தாராளமாக விடலாம். பிறகு சொட்டுச் சொட்டாக, ஒவ்வொரு சொட்டுக்கும் குடுவையைப் பலமாகச் சுழற்றி. சொட்டு விழும் இடத்தில் தோன்றும் செந்நிறம் முதலில் உடனே மறையும், பிறகு மெதுவாக மறையும். முடிவு கிட்டும்போது வெள்ளை வீழ்படிவு திரளும். திரளுக்குள் சிக்கிய குளோரைட்டு வெளியே வரப் பலமான சுழற்சி தேவை. முழுக் கரைசலும் வெறுமைக் குடுவையின் நிறத்துக்கு வந்து, அரை நிமிடம் சுழற்றியும் மறையாவிட்டால் நிறுத்துங்கள்.

செங்கட்டிச் சிவப்பு நன்றாகத் தெரியட்டும் என்று காத்திருப்பதுதான் புதியவர்கள் அடிக்கடி விடும் பிழை. அந்த அழகான சிவப்பு வரும்போது ஏற்கெனவே ஒரு மி.லீ. கூடிப்போயிருக்கும், 25 மி.லீ. மாதிரியில் அது லீற்றருக்கு 14 மி.கி. பிழை.

10. கழிவு

குடுவைகளில் இருப்பது வெள்ளியும் குரோமேற்றும். எல்லாவற்றையும், முதல் அலசல் நீரையும் சேர்த்து, சுட்டி ஒட்டிய கழிவுப் போத்தலில் ஊற்றுங்கள். எங்கள் மணல் நிலத்தில் தொட்டியால் போவது வடிகட்டாமலே நிலத்தடி நீருக்கு இறங்கும். கிணற்று நீரைச் சோதிக்க வந்துவிட்டு இன்னொரு கிணற்றுக்குக் குரோமியம் அனுப்ப யாருக்கும் உரிமையில்லை.

மிஞ்சிய வெள்ளிநைத்திரேற்றை மூலப் போத்தலுக்குள் திருப்பி ஊற்ற வேண்டாம். குடுவையில் ஒட்டிய வெள்ளிக்குளோரைட்டைக் கரைக்கச் சிலர் அமோனியா பாவிப்பார்கள். அப்படிக் கிடைக்கும் கரைசலை ஒருபோதும் சேமித்து வைக்காதீர்கள், கழிவுப் போத்தலிலும் கலக்காதீர்கள். வெள்ளியும் அமோனியாவும் சேர்ந்த கரைசல் நாட்பட நிற்கும்போது வெடிக்கக்கூடிய திண்மம் உருவாகும். தூரிகையும் பொறுமையும் போதும்.

11. கணிப்பு

ஓர் உதாரணம். சோடியங்குளோரைட்டு 0.1472 கிராம், 250 மி.லீ.: செறிவு 0.01008. அதில் 25.00 மி.லீ.க்குச் செலவான வெள்ளிநைத்திரேற்று 24.90 மி.லீ., வெறுமை 0.25 மி.லீ. கழித்தால் 24.65. ஆகவே வெள்ளிநைத்திரேற்றின் செறிவு 0.01022.

மாதிரிக்குச் செலவானது 14.35, வெறுமையைக் கழித்தால் 14.10 மி.லீ. இதை 0.01022ஆல் பெருக்கினால் 0.1441 மில்லிமூல். வெள்ளியும் குளோரைட்டும் ஒன்றுக்கு ஒன்று என்பதால் குளோரைட்டும் அதுவே. 35.45ஆல் பெருக்கினால் 5.11 மி.கி.; இது 25 மி.லீ.இல் இருப்பது, லீற்றருக்கு 40 மடங்கு: 204 மி.கி.

பெருக்க வேண்டியது 35.45ஆல், 58.44ஆல் அல்ல. கேட்கப்பட்டது குளோரைட்டு, உப்பாகக் கணித்தால் விடை ஒன்றரை மடங்குக்கு மேல் ஏறிவிடும். வெறுமையை இரண்டு இடத்திலும் கழிக்க வேண்டும், ஒன்றில் மட்டுமல்ல. 204.34 என்றும் எழுத வேண்டாம், 0.05 மி.லீ. வாசிப்பு அந்தத் தசமங்களைத் தாங்காது.

12. விடையைக் கிணற்றுக்காரரிடம் சொல்லும்போது

குடிநீருக்கான இலங்கைத் தர நியமம் எஸ்.எல்.எஸ். 614, குளோரைட்டின் உச்ச அளவை லீற்றருக்கு 250 மி.கி. என்கிறது. பெரும்பாலும் நாக்கு உவர்ப்பை உணரத் தொடங்குவதும் அந்த அளவை அண்டித்தான். 204 என்றால் எல்லைக்குள். ஆனால் மாரி முடிந்தவுடன் எடுத்த நீரில் 204 வந்தால், கச்சான் காலத்தில் அதே கிணற்றை மறுபடி பார்க்க வேண்டும்.

குளோரைட்டு குறைவு என்பதால் நீர் குடிக்கத் தகுந்தது என்று வீட்டாரிடம் சொல்லிவிடாதீர்கள். மலகூடக் குழியிலிருந்து வரும் கிருமிகளையும் நைத்திரேற்றையும் இந்த நியமிப்பு காட்டாது. மறுதலையாக, வாவியிலிருந்து தள்ளியுள்ள கிணற்றில் குளோரைட்டு எதிர்பாராத விதமாகக் கூடியிருந்தால் குழியின் கசிவையும் சந்தேகிக்கலாம், ஏனென்றால் சிறுநீரிலும் அது உண்டு. அப்படியானால் நைத்திரேற்றுச் சோதனையும் பற்றீரியாச் சோதனையும் கேளுங்கள். கிணற்றுக்கும் குழிக்கும் இடைத்தூரத்தை நாடாவால் அளந்து, குறிப்பேட்டில் அதே பக்கத்தில் எழுதுங்கள்.